அப்பாயியின் கைநாட்டு

(எல்லவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பனிட்ட வடிவம்)



பதுளையில் ரயிலேறி ஹாலிஎல, தெமோதரை தாண்டி வந்தேன். ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயில் ஊர்ந்தபோது பயணிகள் எல்லோரும் கைபேசியை நீட்டிக்கொண்டு வாசலில் நின்றார்கள். எனக்குக் கண்ணில் பட்டது எதிர்மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள்தான். என் அப்பாயி அப்படியொரு மலையில் நாற்பது வருடம் கொழுந்தெடுத்தவள். அவள் ஒருநாள் கேட்ட கேள்விக்கு எனக்கு இன்னும் முழுப் பதில் கிடைக்கவில்லை. இன்றைய பேச்சு அந்தக் கேள்வியைச் சுற்றியதுதான்.

தோட்டப் பாடசாலைகள் ஒவ்வொன்றாக அரசாங்கத்தின் கைக்கு வந்துகொண்டிருந்த காலம். எங்கள் பள்ளிக்கூடத்தில் நாவலர் குருபூசை. கார்த்திகை மகம். வாங்கின் மேல் வெள்ளை வேட்டி விரித்து, ஆறுமுக நாவலர் படத்துக்குச் செவ்வந்தி மாலை போட்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த எங்கள் ஆசிரியர் எழுதிக்கொடுத்த பேச்சை மனப்பாடம் செய்து ஒப்பித்தேன். முதற்பரிசு. நாவலரின் பாலபாடம் ஒரு பிரதி. லயத்துக்கு ஓடிவந்து அதை அப்பாயியின் மடியில் போட்டேன். படத்தைத் தடவிப் பார்த்தாள். திருநீற்றையும் உருத்திராக்கத்தையும் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "ஏன்யா, இந்தச் சாமி நம்ம லயத்துல தண்ணி வாங்கிக் குடிச்சிருப்பாராயா?"

அவள் குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஊரில் யார் யார் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள், யார் குடிக்கவில்லை என்பது அவளுடைய தாய் சொல்லி அவளுக்குத் தெரியும். எனக்குப் பதில் தெரியவில்லை. பின்னாளில் நாவலரை ஊன்றிப் படித்தபோது தெரிந்தது. சாதியாசாரத்தைச் சைவ ஒழுக்கத்தின் ஒரு கூறாகவே அவர் கொண்டிருந்தார், அப்படியே கற்பித்தார். அப்பாயியின் கேள்விக்குப் பதில், பெரும்பாலும், இல்லை என்பதுதான்.

அப்படியானால், சமூகக் கருத்துகளில் பிணக்குக்குரிய ஒரு சமயப் பெரியாரைச் சட்டமியற்றும் சபைகள் அரச முறையில் போற்றலாமா? போற்றலாம். ஆனால் எந்தச் சொற்களால் போற்றுகிறார்களோ அந்தச் சொற்களின் கீழ், அந்தப் பெரியார் வாசலுக்கு வெளியே நிறுத்தியவரும் கையெழுத்திட முடிய வேண்டும். அவரால் முடியாவிட்டால் அது பக்தர்களின் போற்றுதல். பக்தர்கள் செய்துகொள்ளட்டும், நாட்டின் பெயரால் செய்ய வேண்டாம். என் கருத்து இவ்வளவுதான். சில படிகளாக விரித்துச் சொல்கிறேன்.

1. நாடு போற்றும்போது யார் போற்றுகிறார்கள்?

1969இல் நல்லூரில் நாவலருக்குச் சிலை எழுந்தது. 1971இல் அரசாங்கம் அவருடைய உருவத்துடன் தபால் முத்திரை வெளியிட்டது. சைவப் பாடநூலில் அவர் நிலையான இடம் பெற்றார். சிலை அன்பர்களின் முயற்சி. அதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அன்பர்கள் அவரை ஐந்தாம் குரவர் என்கிறார்கள். அதுவும் அவர்கள் உரிமை. முத்திரையும் பாடநூலும் வேறு. அவை எல்லோருடைய பணத்திலும் எல்லோருடைய பெயரிலும் வருபவை.

எல்லோருடைய என்று சொல்லும்போது 1971இல் எங்கள் நிலை என்ன என்பதை நினைத்துப் பாருங்கள். 1947 தேர்தலில் பதுளையிலிருந்து எஸ்.எம். சுப்பையா உட்பட இலங்கை இந்தியன் காங்கிரசின் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். அடுத்த ஆண்டே எங்களை நாடற்றவராக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. நாவலர் முத்திரை வெளிவந்த ஆண்டில் தோட்டங்களில் மிகப் பெரும்பாலோர் எந்த நாட்டின் பிரஜையும் அல்லர். கப்பலேறிப் போன உறவுக்கு எழுதிய கடிதத்தில் ஒட்டிய முத்திரை அவர்களுடைய நாட்டின் முத்திரை அல்ல.

இன்னொன்றும் நடந்தது. நம் நாட்டில் பெரியோரைப் போற்றுவது பங்கு பிரிப்பதுபோல் ஆகிவிட்டது. பௌத்தர்களுக்கு 1964இல் அநகாரிக தர்மபாலவின் முத்திரை, இந்துக்களுக்கு நாவலர், முஸ்லிம்களுக்கு 1977இல் சித்திலெப்பை. இனத்துக்கு ஒருவர். பங்கு பிரித்துக் கொடுத்த ஒருவரை அந்த இனத்துக்குள்ளேயே இருப்பவர் கேள்வி கேட்டால் அது துரோகமாகத் தோன்றும். "சிங்களவர்கள் தங்கள் ஆளைப் போற்றுகிறார்கள், நீ உன் ஆளைக் குறை சொல்கிறாயே" என்பார்கள். எனக்கே சொல்லியிருக்கிறார்கள். இனங்களுக்கிடையே சமன் செய்யப் போய், இனத்துக்குள் தாழ்த்தப்பட்டவரின் வாயை அடைத்துவிட்டோம்.

நாவலருக்கு நல்லூரில் சிலை வைத்ததற்கு முந்திய ஆண்டுதான் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலில் தாழ்த்தப்பட்ட மக்கள் உள்ளே விடச் சொல்லி நின்றார்கள். தடுத்து நின்றவர்களுக்கு முன்னால் நின்றவர் சி. சுந்தரலிங்கம், பேராசிரியர், முன்னாள் அமைச்சர். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தின் கீழ் அவர் தண்டிக்கப்பட்டார். சட்டமியற்றும் சபையில் இருந்த ஒருவரே, அந்தச் சபை இயற்றிய சட்டத்துக்கு எதிராக, சமயத்தின் பெயரால் வாசலை அடைத்து நின்றார். எல்லாம் ஒரே குடாநாட்டில், இரண்டே வருடத்துக்குள்.

2. "அவர் காலத்து மனிதர்" என்ற வாதம்

நாவலரைப் பற்றிப் பேசப்போகும் ஒவ்வொரு இடத்திலும் இதைக் கேட்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆளை இன்றைய அளவுகோலால் அளக்கலாமா என்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆகவே இன்றைய அளவுகோலைத் தள்ளி வைத்துவிட்டு, அவர் காலத்து அளவுகோலையே எடுப்போம்.

நாவலர் பிறந்தது 1822 டிசம்பர் 18, நல்லூர். சிதம்பரம் இராமலிங்க அடிகள், நாம் வள்ளலார் என்கிறவர், பிறந்தது 1823 அக்டோபர் 5, மருதூர். வயதில் பத்து மாத வித்தியாசம். இருவரும் சைவத்தில் வளர்ந்தவர்கள். இருவர் நெஞ்சும் சிதம்பரத்தில் கிடந்தது. 1867இல் வெளிவந்த வள்ளலாரின் பாடல்களைத் திருவருட்பா என்று அழைக்கக்கூடாது என்று நாவலர் 'போலியருட்பா மறுப்பு' எழுதினார். சண்டை 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது.

அதே 1867இல் வள்ளலார் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. வந்தவரிடம் சாதி கேட்காத பந்தி. பத்து வருடம் கழித்து, 1876–77 பஞ்சத்தில் யாழ்ப்பாணம் வாடியபோது, நாவலர் கஞ்சித்தொட்டி வைத்தார். மக்களின் பட்டினியைக் கண்டுகொள்ளாத ஆட்சியாளரை எழுத்தில் எதிர்த்தார். பசியைக் கண்டு இருவருக்கும் நெஞ்சு பதறியது. பசித்தவனின் பிறப்பைப் பார்ப்பதில்தான் இருவரும் வேறுபட்டார்கள். அந்த வேறுபாட்டைக் காலத்தின் தலையில் சுமத்த முடியாது. காலம் இருவருக்கும் ஒன்றுதான். மகாராட்டிரத்தில் ஜோதிராவ் புலே, நாவலரைவிட நான்கு வயது இளையவர், 1873இல் சத்தியசோதக் சமாஜத்தைத் தொடங்கிவிட்டார். தென்திருவிதாங்கூரில் வைகுண்டர் 1851இல் மறைவதற்கு முன்பே எல்லாச் சாதியும் ஒரே கிணற்றில் நீர் எடுக்கச் செய்துவிட்டார். அந்தக் காலத்தில் வேறு வழியும் இருந்தது. நாவலர் இந்த வழியைத் தேர்ந்தார்.

நாவலரைச் சிறுமைப்படுத்த இதைச் சொல்லவில்லை. பீற்றர் பேர்சிவல் பாதிரியாரிடம் படித்து, அவருக்கே பைபிள் மொழிபெயர்ப்பில் உதவி, அந்த வேலையையும் வருமானத்தையும் 1848இல் உதறிவிட்டு வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியவர். சென்னையிலிருந்து அச்சுயந்திரம் கொண்டுவந்து வித்தியானுபாலன யந்திரசாலை நிறுவியவர். பண்டிதர் மட்டுமே நெருங்கிய பெரியபுராணத்தை வசனமாக்கிச் சாதாரண மனிதனின் கையில் கொடுத்தவர். அந்த வசனத்தில் திருநாளைப்போவார் கதையும் இருக்கிறது. தில்லை எல்லையில் நின்று ஏங்கிய, தாழ்த்தப்பட்ட ஓர் அடியாரின் கதை, இந்த மலையில் எழுத்துக் கற்ற முதல் தலைமுறையிடம் நாவலரின் நடையில்தான் வந்து சேர்ந்தது. நானும் அப்படித்தான் படித்தேன். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நாவலரிடம் நன்றியும் வருகிறது, தாங்க முடியாத வருத்தமும் வருகிறது. அந்தக் கதையை அவ்வளவு உருக்கமாக எழுதிய கை, அதை வாசலைத் திறப்பதற்கான கதையாகக் காணவில்லை.

வடலூரைப் பற்றி இன்னொரு சொல். தமிழ்நாட்டு அரசு 2021இல் அக்டோபர் 5ஐத் தனிப்பெருங்கருணை நாளாக அறிவித்தது. மகிழ்ந்தேன். பிறகு அங்கே பெருவெளியில் வள்ளலாருக்குப் பன்னாட்டு மையம் கட்ட அரசு முனைந்தபோது, வெட்டவெளியாக இருக்க வேண்டிய இடம் என்று அவருடைய அன்பர்களே எதிர்த்து நின்றார்கள். அவர்கள் பக்கம்தான் நான். குற்றமில்லாத ஒருவரைப் போற்றும்போதுகூட, அவருக்கு உரியவர்களைக் கேட்காமல் அரசு போற்றினால் இடறிவிடுகிறது.

3. மனிதருக்கா, செயலுக்கா?

சபையில் ஒரு பிரேரணை வருகிறது. "மகான்", "அவதாரம்", "குரு" என்று தொடங்கினால் அது மனிதரையே முழுதாகப் போற்றுகிறது. அவர் சொன்னது எல்லாவற்றையும் சபை ஏற்றுக்கொண்டதாக நாளை யாராவது எடுத்துக் காட்டலாம். "இன்ன ஆண்டில் இன்னது செய்தார்" என்று தொடங்கினால் செயலைப் போற்றுகிறது. அதற்குத்தான் வெளியே நின்றவரும் கையெழுத்திட முடியும்.

நாம் நிற்கும் இந்த மண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். 1818 ஜனவரியில் ஆங்கிலேய ஆளுநர் பிரவுண்றிக், ஊவா–வெல்லஸ்ஸ கிளர்ச்சித் தலைவர்களைத் துரோகிகள் என்று வர்த்தமானியில் அறிவித்தார். 2016 டிசம்பரில் ஜனாதிபதி அந்த அறிவிப்பை ரத்துச் செய்து அவர்களைத் தேசிய வீரர்களாக்கினார். பக்கத்துக் கிராமத்துச் சிங்கள மக்களுக்கு அது பெரிய நிம்மதி. அடக்குமுறையில் அவர்களின் வயல்கள் எரிந்தன, ஆடுமாடுகள் அழிந்தன. எங்களுக்கும் மறுப்பில்லை. ஆனால் அந்தக் கிளர்ச்சிக்கு முதற்பொறி, வெல்லஸ்ஸவில் ஹாஜி மரைக்கார் என்ற முஸ்லிமை ஆங்கிலேயர் முகாந்திரமாக நியமித்தது. கிளர்ச்சிக்காரர் அவரைப் பிடித்துக் கொன்றார்கள். பிபிலையிலோ மொனராகலையிலோ உள்ள ஒரு முஸ்லிம் தாத்தாவிடம் "அந்நிய ஆட்சியை எதிர்த்துப் போரிட்டவர்கள்" என்று எழுதிக்கொடுத்தால் அவர் கையெழுத்திடுவார். "அவர்கள் செய்தது அனைத்தும் சரி" என்று எழுதினால் எப்படி இடுவார்?

தர்மபாலவுக்கும் இதே அளவுகோல். 1891இல் மகாபோதி சங்கம், 1893இல் சிக்காகோ சர்வமத மாநாடு: இவற்றைப் போற்றும் வாக்கியத்தில் பதுளைக் கடைத்தெருவின் எந்த முஸ்லிம் வணிகரும் கையெழுத்திடலாம். 1915 கலவர நாட்களில் முஸ்லிம்களைப் பற்றி அவர் எழுதியதையும் சேர்த்து அவரை மாசற்ற வீரர் என்று எழுதினால், அந்த வணிகரை நாம் நாட்டை விட்டு வெளியே நிறுத்துகிறோம்.

கடல் கடந்தும் இதே சிக்கல்தான். அமெரிக்கப் பாராளுமன்றக் கட்டடத்தில் வட கரோலினா மாநிலத்தின் பெயரால் சார்ல்ஸ் ஐகொக் என்ற முன்னாள் ஆளுநரின் சிலை 1932 முதல் நின்றது. வெள்ளையர் மேலாண்மையைக் கொள்கையாகப் பரப்பியவர். 2015இல் மாநில சட்டசபை அவரை எடுத்துவிட்டு பில்லி கிரகாம் என்ற சமயப் பிரசாரகரை வைக்கத் தீர்மானித்தது. 2024 மே மாதம் சிலை மாறியது. 1953இல் சட்டனூகாவில் தம் கூட்டத்தில் கறுப்பர்களைப் பிரித்துக் கட்டியிருந்த கயிறுகளைத் தாமே அகற்றியவர் கிரகாம். அதே கிரகாம் 1972இல் நிக்சனுடன் பேசியபோது யூதர்களைப் பற்றிச் சொன்னவை 2002இல் ஒலிநாடாவாக வெளிவந்து, அவர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. கயிறு அகற்றிய கைக்கு ஒரு சிலை என்றால் நான் தலைவணங்குவேன். பீடத்தில் எழுதியிருக்கும் வாசகத்தைத்தான் முதலில் தேடுவேன்.

4. உயிரோடு இருப்பவர்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மறைந்தவருக்குச் செய்யும் மரியாதை கல்லாக நிற்கும். உயிரோடு இருப்பவருக்குச் செய்யும் மரியாதை அதிகாரமாக நடமாடும். 2021 அக்டோபரில் "ஒரே நாடு ஒரே சட்டம்" என்ற ஜனாதிபதி செயலணிக்கு கலகொட அத்தே ஞானசார தேரர் தலைவராக வர்த்தமானி மூலம் நியமிக்கப்பட்டார். நீதிமன்ற அவமதிப்புக்காக 2018இல் தண்டிக்கப்பட்டு, 2019 மே மாதம் ஜனாதிபதியின் மன்னிப்பில் வெளிவந்தவர். எல்லோருக்கும் ஒரே சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று ஆராயும் அந்தக் குழுவில் தொடக்கத்தில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு பெண்ணும் இல்லை. பாராளுமன்றத்தில் விவாதித்து எடுத்த முடிவல்ல அது. காவியுடைக்கு நான் எழுந்து நிற்பவன். சிறுவயதில் பன்சலையில் தானச் சோறு சாப்பிட்டவன். ஆனால் ஒரு சமூகத்தைப் பற்றிக் கடுஞ்சொல் பேசிவந்தவரை அந்தச் சமூகத்தின் சட்டத்துக்குமேல் உட்கார வைப்பது மரியாதை ஆகாது. உயிரோடு இருக்கும் சமயத் தலைவருக்குச் சட்டமியற்றுவோர் அரச பட்டமும் பதவியும் கொடுக்கவே வேண்டாம் என்பது என் துணிபு. கும்பிட வேண்டியவர் கும்பிடட்டும்.

5. யாரைக் கேட்பது?

நாவலர் முத்திரை வந்ததற்கு முந்திய வருடம், 1970இல், சிறுபான்மைத் தமிழர் மகாசபையின் எம்.சி. சுப்பிரமணியம் நியமன உறுப்பினராகப் பாராளுமன்றத்துக்கு வந்தார். மாவிட்டபுரம் வாசலில் நின்ற மக்களின் குரல் அது. "ஐயா, நாவலருக்கு முத்திரை வெளியிடப்போகிறோம், என்ன எழுதினால் உங்கள் சனம் ஏற்கும்?" என்று அவரிடம் கேட்டு, அவர் சொன்னது ஹன்சார்டில் பதிந்திருந்தால், இன்று நான் இங்கே பேச வேண்டிய தேவையே இருந்திராது. விவாதம் நடந்தால் மரியாதை குறைந்துவிடும் என்று அஞ்சுகிறார்கள். விவாதத்துக்குப் பிறகும் நிற்கும் மரியாதைதான் நிற்கும்.

எங்கள் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். 2022இல் நாவலருக்கு இருநூறு, 2023இல் வள்ளலாருக்கு இருநூறு, அதே 2023இல் இந்த மலைக்கு நாம் வந்து இருநூறு. அந்த வருடம் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, நம் முன்னோர் நடந்த வழியில், நம்மவர்கள் நடந்தார்கள். கால் கொப்பளித்து நடந்த பிள்ளைகளைப் பார்த்தேன். ஆனால் அந்தப் பிள்ளைகளின் தோட்டங்களிலேயே மாரியம்மன் தேர்வடத்தை முதலில் யார் தொடுவது, தப்படிப்பவர் கோவிலுக்கு எவ்வளவு தூரத்தில் நின்று அடிப்பது என்ற கணக்கு இன்னும் முற்றாகத் தீரவில்லை. லயம் ஒன்று, சம்பளம் ஒன்று, வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டு ஒன்று. சாமி கும்பிடும் இடத்தில் மட்டும் கோடு. நம் தலைவர்கள் சபையில் எழுந்து நாவலரைப் போற்றுமுன் அந்தக் கோட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை பேச வேண்டும்.

கடைசியாக, எதை எழுதலாம் என்று சொல்லாமல் எழுதாதே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக நான் விரும்பவில்லை. பாராளுமன்றமோ மாகாண சபையோ நாவலரைப் போற்ற நாளை ஒரு தீர்மானம் கொண்டுவந்தால் அதற்கு நான் எழுதிவைத்திருக்கும் வாசகம் இது:

"ஆறுமுக நாவலர் தமிழ் வசனத்தை எல்லோரும் வாசிக்கும் எளிமைக்குக் கொண்டுவந்தார். அந்நிய ஆட்சியில் பள்ளிக்கூடமும் அச்சகமும் நிறுவித் தம் சமயத்தவர் தலைநிமிரச் செய்தார். பஞ்சத்தில் கஞ்சி வார்த்தார். சாதி வேற்றுமையைச் சமய ஒழுக்கமாகவும் கற்பித்தார். அந்த வேற்றுமையால் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் இந்த நாட்டின் சமமான மக்கள். அந்தக் கற்பித்தலை இச்சபை ஏற்கவில்லை."

என் அப்பாயிக்கு எழுத்துத் தெரியாது. வாழ்நாளில் ஒரே ஒரு அரச தாளில் கைநாட்டு வைத்தாள்: 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பிரஜாவுரிமை கேட்டு எழுதிய விண்ணப்பத்தில். ஏறத்தாழ 825,000 பேருக்காகப் போன விண்ணப்பங்களில் ஏறத்தாழ 134,000 பேருக்கே உரிமை கிடைத்தது. அவளுக்குக் கிடைக்கவில்லை. கொழுந்துக் கறை ஏறிய பெருவிரலில் மை சரியாகப் பிடிக்கவில்லை என்று இரண்டு முறை வைக்கச் சொன்னார்களாம். அதைத்தான் அடிக்கடி சொல்வாள். இந்த ஆறு வாக்கியங்களையும் அவளுக்கு வாசித்துக் காட்டுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதோடு நிறுத்தினால், "மிச்சத்தையும் படிய்யா" என்பாள். மீதி மூன்றையும் படித்து முடித்தால் பெருவிரலை முந்தானையில் துடைத்துவிட்டு நீட்டுவாள்.